புலிக்கல் மதகின் பழைய கைப்பேசி

மழை காலம் தவறாது பெய்க. மதகுகள் உறுதி குன்றாது நிற்க. வேங்கைமலை நாட்டின் ஒன்பது கூற்றங்களுக்கும் உரியவளும், மலைநாட்டாரோடு நட்பும் கடல்நாட்டாரோடு வணிகமும் பூண்டவளும், வெண்சங்கு முத்திரை தரித்தவளுமாகிய பெருந்தேவி நல்லெயினி, நீலவாய்க் கூற்றத்தின் தண்டத்தலைவனும், ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் காவலனும், எம் உடன்பிறந்த இளவலுமாகிய கடம்பவேளுக்கு விடுக்கும் ஓலை. நின் குடிகள் நலமா? நின் இல்லத்தார் நலமா? வெள்ளம் புகுந்த களங்களில் ஈரம் காய்ந்ததா? இங்கு யாம் நலம். முழங்கால் வலி மட்டும் படியேறும்போது எம்மை மறப்பதில்லை.

இத்தனை நீளச் செய்தியைக் கைப்பேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ எண்ணுவாய். அரச ஆணை ஓலையில் ஏறி முத்திரை பெற்றால்தான் செல்லும் என்பது நம் நாட்டு வழக்கம். அதுவன்றி, அடுத்தவர் பேசி முடிக்குமுன் குறுக்கே புகுவதில் நீ எவ்வளவு வல்லவன் என்பதை நீ மழலை பேசிய நாள் முதல் யாம் அறிவோம். ஓலைக்குக் குறுக்கே பேச முடியாது. ஆகவே அமர்ந்து, முழுவதும் படி.

சென்ற பிறையில் நீ விடுத்த ஓலையில் இரண்டு வேண்டுகோள்கள் இருந்தன. புலிக்கல் மதகின் காவல் பூண்ட பூதி என்பவள், கருவி மாற்றுத் திருநாளில் தன் பழைய கைப்பேசியை ஒப்படைக்க மூன்று ஆண்டுகளாக மறுத்து வருகிறாள் என்றும், வெள்ளம் வந்த அன்று அந்தப் பழங்கருவி மின்னேற்றம் தீர்ந்து அணைந்துபோனது என்றும், அதனால் அவள் யாருக்கும் அறிவிக்கவில்லை, மூன்று ஊர்க் களங்களில் அடித்து வைத்திருந்த குறுவை நெல் ஆற்றோடு போயிற்று என்றும் எழுதியிருந்தாய். வரும் முழுநிலவுக்குள் அவளை மதகுக் காவலிலிருந்தும் காவல் வீட்டிலிருந்தும் நீக்க எம் முத்திரை வேண்டினாய். இது முதலாவது. இனி இத்தகைய பழங்கருவிகள் எவர் கையிலும் தங்காதிருக்க, ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கருவி மாற்றுத் திருநாளை இருமுறை நடத்த வேண்டும் என்பது இரண்டாவது.

முதல் வேண்டுகோளுக்கு முத்திரையிட யாம் மெழுகை உருக்கச் சொல்லிவிட்டோம். இரண்டாவதைப் படித்ததும் கை நின்றது. ஒருமுறை போதாது, இருமுறை என்கிறாயே, அப்படியானால் ஒரு கைப்பேசியை எப்போதுதான் மாற்ற வேண்டும்? எம் பிறந்த விண்மீன் வரும் நாளில் நாட்டிலுள்ள அலுவலர் அனைவரும் பழையதைத் தட்டில் வைத்துப் புதியதைப் பெறுக என்று ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆணையிட்டவள் யாமே. ஆனால் ஓர் ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று எம்மை யாமே கேட்டுப் பார்த்தபோது விடை வரவில்லை. எமக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அறியும் ஆவல் மிகுந்திருந்தது. உருக்கிய மெழுகு இறுகிப் போனதை அப்புறந்தான் கவனித்தோம்.

முதலில் எம் பேழையைத் திறந்தோம். யாம் கைவிட்ட ஒன்பது கைப்பேசிகளும் பட்டுத் துணியில் சுற்றிப் படுத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மின்னேற்றி வரிசையாக வைத்துவிட்டு எதிரே அமர்ந்தோம். ஏழு கண் விழித்தன. இரண்டு அசையவே இல்லை. விழித்த ஏழில் ஒவ்வொன்றையும் எடுத்து, இதை ஏன் விட்டோம் என்று நினைவுகூர முயன்றோம். ஒன்று குளத்தில் விழுந்தது, சரி. ஒன்று நிறம் பிடிக்காமல் விட்டது, அதை யாம் எவரிடமும் சொன்னதில்லை, நீயும் சொல்லாதே. மற்ற ஐந்தில் ஒரு குறையும் எமக்குத் தென்படவில்லை. நான்காவதை எடுத்து மூன்று நாள் அதையே பயன்படுத்தினோம். சற்று மெதுவாகச் சிந்திக்கிறது, அவ்வளவே. யாமும் இப்போது அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் நன்றாகவே ஒத்துப்போனது.

பிறகு அவையில் ஒவ்வொருவரையும் வினவினோம். திருநாள் என்று ஒன்று இல்லாவிட்டால் நீவிர் எப்போது மாற்றுவீர் என்று கேட்டோம். படைத்தலைவர் நெடுநேரம் மீசையைத் தடவிவிட்டு, பக்கத்துக் கூற்றத்துப் படைத்தலைவர் மாற்றும்போது என்றார். அவை சிரித்தது. உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு வெற்றிலை கொடுத்தோம். அரண்மனை மருத்துவர், கண் மங்கிவிட்டதால் பெரிய எழுத்துக் காட்டும் கருவி தமக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது என்றார். கூத்துமகள் நிழற்படம் தெளிவாக விழ வேண்டும் என்றாள், அவள் தொழிலுக்கு அது நியாயந்தான். கடல்நாட்டுத் தூதர் சொன்னது மட்டும் எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. கருவியைச் செய்தவர்கள் சில ஆண்டுகள்வரைதான் அதற்குப் புதுப்பிப்பு அனுப்புகிறார்கள் என்றும், அது நின்ற பிறகு கருவி வெளிக்கு நன்றாகவே இயங்கினாலும் அயலார் உள்ளே புகுந்து மறைச்செய்திகளைப் படிக்கும் வழி திறந்துவிடுகிறது என்றும், ஆகவே தூதுவர் அதற்குமேல் ஒரு நாளும் அதை வைத்திருக்கலாகாது என்றும் அவர் விண்ணப்பித்தார். பழையதே போதும் என்று யாம் மூன்று நாளாகக் கொண்டிருந்த பெருமிதம் அங்கே அடிபட்டது. நான்காவது கைப்பேசியை ஓசைப்படாமல் பேழைக்கே அனுப்பிவிட்டோம்.

ஆக, மருத்துவருக்கு ஒரு விடை, தூதருக்கு ஒரு விடை. மதகுக் காவலுக்கு என்ன விடை? அது அவையில் கிடைக்காது என்று தோன்றியதால் மதகுக்கே போவதென்று முடிவு செய்தோம். நினக்குச் சொல்லாமல் நின் கூற்றத்துக்குள் வந்தோம். பொறுத்துக்கொள். தலைநகரக் கடைவீதியில் கைப்பேசி பழுது பார்க்கும் ஆதன் என்பவனையும் அவன் பெட்டியோடு உடன் அழைத்துச் சென்றோம். வழிநெடுக அவன் வாய் ஓயவில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் கருவி செத்துவிட்டது என்று அழுதுகொண்டு வருவார்கள் என்றும், மின்கலத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் சிரித்துக்கொண்டு போவார்கள் என்றும், அரண்மனைக் கருவி மட்டும் தன் கடைப்படி ஏறியதே இல்லை என்றும் சொன்னான். ஏனென்று நினக்குத் தெரியும். பழுது நீக்கிய பொருள் அரச பணிக்கு ஆகாது என்பது நம் தந்தையார் காலத்து விதி. அது விரிசல் விட்ட பொற்கலங்களுக்காகச் செய்த விதி. அதைக் கைப்பேசிக்கும் நீட்டியவர் யார் என்று விசாரித்தால் ஏட்டில் எம் கையொப்பம் இருக்கிறது.

பூதி மதகுப் பலகைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நாற்பதைக் கடந்த, தோள் அகன்ற பெண். எம்மைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வணங்கினாள், பதறவில்லை. அவள் கைப்பேசியின் கண்ணாடியில் மூலைக்கு மூலை விரிசல். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய, பருத்த உடம்புக் கருவி அது. புதியதை ஏன் மறுத்தாய் என்று கேட்டோம். அவள் விடையைத் திருத்தாமல் எழுதுமாறு ஓலை எழுதுவோனுக்குக் கட்டளையிட்டிருக்கிறோம்.

"புதுசு வேண்டாம்னு சொல்லல தாயே. இந்தத் தண்ணி சத்தத்துல புதுசோட மணி என் காதுல விழமாட்டேங்குது. இது அடிச்சா மறுகரையில நின்னாலும் கேக்கும். பேட்டரிதான் போச்சு. அத மட்டும் மாத்திக் குடுங்கன்னு மூணு தடவ எழுதிப் போட்டேன்."

சொல்லை நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று, பலகை ஒன்றைத் திறக்கச் சொல்லி மதகின் நடுவே யாமே நின்றோம். நீர் விழும் ஓசையில் பக்கத்தில் நின்ற ஏவற்பெண் பேசியது கேட்கவில்லை. இந்த ஆண்டு நீ மதகுகளுக்கென அனுப்பிய புதிய கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கரையிலிருந்து அழைக்கச் சொன்னோம். பதினோரு முறை அழைத்தார்களாம். ஒன்றுகூட எமக்குக் கேட்கவில்லை. நனைந்த விரலால் அதன் கண்ணாடியைத் தொட்டால் அது ஒரு பக்கம் ஓட, யாம் ஒரு பக்கம் ஓடினோம். பூதியின் கருவியை மின்னேற்றும் கயிற்றோடு பிணைத்தபடியே கரையில் வைத்து அழைக்கச் சொன்னோம். சந்தையில் வளையல்காரர் கூவுவதுபோல அது கத்தியதில் எம் ஏவற்பெண் துள்ளிவிட்டாள். ஆனால் கயிற்றைப் பிரித்த ஒரு நாழிகைக்குள் அணைந்தும் போயிற்று. புதியது அவ்வாறன்று, இரண்டு நாள் முழுதும் மின்னேற்றம் தாங்கியது. நீ சொன்னதும் மெய், அவள் சொன்னதும் மெய் என்பதைக் கண்டு சிறிது நேரம் அங்கேயே மகிழ்ந்து நின்றோம். எமக்குப் புதிர்கள் பிடிக்கும்.

ஆதன் தன் பெட்டியைத் திறந்து, பூதியின் கருவியைப் பிரித்து, உப்பிக் கிடந்த மின்கலத்தை எடுத்துப் போட்டுப் புதியதைப் பொருத்தினான். பூதி காய்ச்சிய கஞ்சியை யாம் குடித்து முடிப்பதற்குள் வேலை தீர்ந்துவிட்டது. மூன்று ஆண்டு வழக்கு அரைக் கலயம் கஞ்சி நேரத்தில் முடிந்தது என்று நகைத்துக்கொண்டுதான், தம்பி, விழித்தெழுந்த அந்தக் கருவியை யாம் கையில் வாங்கினோம்.

அது வெள்ளம் வந்த அன்று அணைந்ததற்குப் பிறகு யார் எண்ணையும் அழைத்ததில்லை. சோதனைக்காக நாங்கள் அழைத்தவற்றுக்குக் கீழே, அன்றைய அழைப்புகள் அப்படியே இருந்தன. ஆற்றின் தலைப்பில் வெள்ளத்தைப் பார்த்துச் சொல்லும் மலைநாட்டுக் காவலரிடமிருந்து ஒன்று வந்திருந்தது, அதை அவள் எடுத்திருக்கிறாள். அன்றுதான் நம் திருநாள்; அவர்களுக்கு அது கிடையாது, அவர்கள் கையில் கருவி இருந்தது. அதன்மேல் அவள் செய்த அழைப்புகள் மூன்று. மூன்றும் ஒரே எண்ணுக்கு. கடம்பவேளே, அது நின் எண்.

அன்று ஊர்த்தலைவர்கள் கருவியெல்லாம் தட்டில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நின் மாளிகை முரசு ஒலித்தால் மூன்று ஊர்களுக்கும் கேட்கும் என்பதும், களத்து நெல்லைத் தூக்க அவர்களுக்கு ஐந்து நாழிகை கிடைக்கும் என்பதும் தெரியும். நீ எப்படியும் எடுப்பாய் என்று நம்பித் தன்னிடம் மிஞ்சியிருந்த மின்னேற்றம் முழுவதையும் அவள் நினக்கே செலவிட்டிருக்கிறாள். நான்காம் முறை அழைக்கையில் அணைந்துவிட்டது, ஏற்றிக்கொள்ள மதகில் மின்சாரமும் நின்றிருந்தது என்றாள். அதன் பிறகு ஏழு பலகைகளையும் தனியொருத்தியாகத் தூக்கியிருக்கிறாள். இல்லையேல் மதகும் உடைந்து, களங்களோடு ஊரும் போயிருக்கும்.

நின்னை அழைத்ததை, வெள்ளத்துக்குப் பின் நீ நடத்திய விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டோம். அவள் எம் முகத்தைப் பார்க்காமல் விடையளித்தாள்.

"எடுக்காதவரப் பத்தி எடுக்கலன்னு ஊரெல்லாம் சொல்றதா தாயே? அவருக்கே தெரியுமே."

அங்கிருந்து நின் மாளிகைக்குத்தான் வந்தோம். நீ வேட்டைக்குப் போயிருந்தாய். திருநாள் மண்டபத்தின் கண்காணியை அழைத்து வினவினோம். அவர் சொன்னவை இவை. விடியலில் பழைய கருவிகளெல்லாம் தட்டில் வைத்து மல்லிகை தூவப்பட்டன. புதியவற்றை வழங்கும் நல்ல நேரம் பிற்பகலில்தான் என்று குறித்திருந்ததால், அதுவரை கூற்றம் முழுவதிலும் எவர் கையிலும் கருவி இல்லை. நண்பகலுக்கு முன் தட்டிலிருந்த கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணி அடிக்கத் தொடங்கின. ஒருமுறை படைத்ததை மீண்டும் தொடலாகாது என்பது விதியாதலால் எவரும் தொடவில்லை. நின் கருவி அடித்தபோது மலர்களுக்கிடையே புலிக்கல் மதகு என்ற பெயர் ஒளிர்ந்ததை நீ பார்த்தாய். கையை நீட்டினாய். பிறகு மடக்கிக்கொண்டாய். இன்னும் இரண்டு முறை அடித்தபோது நீ வேறு பக்கம் திரும்பி நின்றாய்.

பூதி யாருக்கும் அறிவிக்கவில்லை என்று நீ எழுதிய வரியை மறுபடியும் எடுத்துப் படித்தோம். அவளுடைய மூன்று விண்ணப்பங்களையும் நின் ஓலைச்சுவடியில் கண்டோம். மூன்றின் அடியிலும் நின் கையெழுத்தில், திருநாள் வரட்டும் என்றிருக்கிறது.

நின்மேல் மட்டும் குற்றம் சாற்றினால் யாம் நல்ல தமக்கை ஆகோம், நல்ல அரசியும் ஆகோம். தலைநகர் திரும்பியதும் பேழையைத் திறந்து, அன்று எம் தட்டில் கிடந்த ஒன்பதாவது கருவியை எடுத்துப் பார்த்தோம். முன்பு அதை விழிக்க வைத்தபோது அதன் அழகைத்தான் பார்த்தோம், அழைப்புகளைப் பார்க்கவில்லை. மலைநாட்டார் எம்மையும் இருமுறை அழைத்திருக்கிறார்கள். அந்த மணி எம் காதில் விழுந்தது நினைவிருக்கிறது. நாயனத்துக்கு இடைஞ்சலாக எது கத்துகிறது என்று முகம் சுளித்ததும் நினைவிருக்கிறது. தொடலாகாது என்ற விதியும், நல்ல நேரம் வரும்வரை காத்திருக்கும் விதியும் யாம் செய்தவை. நீ அவற்றை எழுத்துக்கு எழுத்துக் காத்தாய். எம்மை மகிழ்விக்கவே காத்தாய் என்பதையும் அறிவோம்.

இனி எம் ஆணை. முழுநிலவுக்குள் பூதியை நீக்குவதாக நீ எழுதி வைத்த ஓலை செல்லாது. அவள் வேண்டுமட்டும் புலிக்கல் மதகின் காவல் அவளுடையது, வீடும் அவளுடையது. கருவி மாற்றுத் திருநாள் இன்றோடு நின்றது. எம் பிறந்த நாளுக்குப் பாயசம் போதும். ஒரு கைப்பேசி தன்னை வைத்திருப்பவரின் பணிக்கு எப்போது போதாமல் போகிறது என்பதை அதை வைத்திருப்பவரே சொல்லக் கடவர். சொன்னால் கேட்டவர் மூன்று நாளுக்குள் செய்யக் கடவர். பழுது நீக்கினால் தீருமென்றால் பழுது நீக்குக, பழுது நீக்கிய பொருள் இனி அரச பணிக்கு ஆகும். புதுப்பிப்பு நின்றுபோன கருவி தூதுவர் கையிலோ மறைச்செய்தி அறிவார் கையிலோ ஒரு நாளும் இருத்தலாகாது. எவர் மாற்றினாலும், புதியது பேசத் தொடங்கி அவரை அழைப்போர் குரல் அதில் கேட்கும்வரை பழையதைக் கீழே வைத்தலாகாது. மூன்று ஊர்க் களங்களிலும் போன நெல்லுக்கு ஈடான நெல், பாதி எம் களஞ்சியத்திலிருந்தும் பாதி நின் களஞ்சியத்திலிருந்தும், கார்த்திகை பிறப்பதற்குள் அவ்வூர்களுக்குச் சென்று சேர்க.

இவ்வோலை கிடைத்ததற்கு நீ மறுமொழி ஓலை விடுக்க வேண்டா. நின் புதிய கைப்பேசியிலிருந்தும் எம்மை அழைக்க வேண்டா. பல்லக்கும் பரிவாரமும் இன்றிப் புலிக்கல் மதகுக்கு நடந்து போ. அவளிடம் நீ சொல்ல வேண்டியதை யாம் எழுதித் தரமாட்டோம். சொல்லி முடித்தபின் அவள் கைப்பேசியைக் கேள். தருவதும் மறுப்பதும் அவள் விருப்பம். தந்தால், மதகின் மேல் நின்று அதிலிருந்து எம்மை அழை.

மணி அடித்தால் யாம் எடுப்போம்.

இங்ஙனம் பெருந்தேவி நல்லெயினி சொல்ல, ஓலை எழுதுவோன் குன்றூர்கிழான் வேட்டன் எழுதினேன். ஐப்பசித் திங்கள், வளர்பிறை ஒன்பதாம் நாள், தேவியார் தம் கையால் வெண்சங்கு முத்திரை இட்டு விடுத்தது. இது காண்பார் இதன்படி ஒழுகுக.